ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு சத்தம்

டிஜிட்டல் பியானோவை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்து வாசிக்கும்போது வரும் சத்தச் சிக்கல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பியானோ மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப்பில் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் போன்ற தந்தி வாத்தியங்களின் ஒலி) வாசித்தால் கூடவே பியானோவும் ஒலிக்கிறது என்றீர்களே, அது நின்றுவிடும். கட்டைகளுக்கும் உள்ளிருக்கும் ஒலிப்பகுதிக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான் அது துண்டிக்கிறது. யூஎஸ்பி வழியாக மிடி, அதாவது எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற தகவல், லேப்டாப்புக்கு வழக்கம்போல் போகும்.

பியானோ சத்தமே குழாய்க்குள் ஒலிப்பது போல இருக்கிறது என்றீர்களே, அது வேறு கதை. பெரும்பாலும் லேப்டாப்பில் உள்ள இசை மென்பொருள், வந்த சுரத்தைத் திரும்பப் பியானோவுக்கே அனுப்புகிறது. ஒரே சுரம் நூலிழை தாமதத்தில் இரு முறை ஒலிக்கும். 128 குரல் பியானோ (ஒரே நேரத்தில் 128 சுரம் ஒலிக்கக்கூடியது) 64 குரல் பியானோவாகச் சுருங்கிவிடும். பெடலை அழுத்தினால் சுரங்கள் அறுந்துபோவதும் இதனால் இருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள்: லோக்கல் ஆனில் இருக்கும்போதே யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டு வாசியுங்கள். சத்தம் தெளிந்தால் குற்றவாளி, சுரம் மென்பொருளுக்குப் போய்ப் பியானோவுக்கே திரும்பும் அந்தச் சுற்றுதான். மென்பொருளில் அந்த டிராக்கின் மிடி அவுட்புட்டைப் பியானோவிலிருந்து விலக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல மாடல்களில் மின்சாரம் போய் வந்தால் லோக்கல் தானாக ஆன் ஆகிவிடும். பெங்களூரு கரண்டை நம்பி ஞாயிறு ஆராதனைக்குப் போகாதீர்கள். தொடங்குமுன் ஒருமுறை பாருங்கள். அதேபோல, லோக்கல் ஆஃபில் கேபிள் கழன்றால் பியானோ ஊமையாகிவிடும். அது பழுதல்ல.

அப்புறம், கேபிள். சதுர முனை உள்ள சாதாரண பிரின்டர் கேபிளே போதும், பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். லேப்டாப் தூரத்தில் இருக்கிறதே என்று 5 மீட்டரைத் தாண்டாதீர்கள்.