காமினோ நடைக்கு 6,000 வெள்ளி: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோ நகரத்துக்கு நடந்தே போகிற யாத்திரையான காமினோ நடை பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் படித்திருக்கிறேன். எனக்கு 58 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். ஒன்பது வருடம் படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். போன வருடம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. எங்காவது நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. 2027 ஏப்ரல் நடுவில், பிரான்ஸ் எல்லையிலிருந்து சாந்தியாகோ வரை நடக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

கையில் 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) இருக்கிறது. விமான டிக்கெட் 1,600. பை, காலணி, மழைச்சட்டை எல்லாம் சேர்த்து 1,900. நாளுக்கு 40 வெள்ளி வீதம் 33 நாளுக்கு 1,320. காப்புறுதி 180. ரயில், பஸ் 250. சொந்தக்காரர்களுக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் ஏதாவது வாங்க 750. ஓய்வு நாள் வைக்கவில்லை. சில விடுதிகளில் காசே வாங்குவதில்லையாம், அங்கே தங்கினால் இன்னும் மிச்சமாகும். நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். இந்தப் பணம் போதுமா?

அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு கொஞ்சம் இருக்கிறது. இதுவும் யாத்திரைதானே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? பிள்ளைகள் வேறு, "அந்தக் காசுக்குக் காசி, ராமேஸ்வரம் போய் வரலாமே" என்கிறார்கள்.

ஒரு வாசகி, ஈசூன்

*

அன்புள்ள அக்கா,

என்னைவிட மூத்தவர் என்பதால் இப்படியே அழைக்கிறேன்.

6,000 வெள்ளி போதும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை அந்தக் கவலையோடுதான் படிப்பீர்கள். ஆனால் பிரித்து வைத்திருக்கும் விதம் சரியில்லை. உங்கள் கணக்கில் இரண்டு இடத்தில் சுழியம் இருக்கிறது. ஓய்வு நாளுக்கு ஒன்றும் இல்லை, காசு கேட்காத விடுதிக்கும் ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தவை அந்த இரண்டும்தான்.

நாள் செலவை முதலில் பார்த்துவிடலாம். ஒரு யூரோவை 1.50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 40 வெள்ளி என்பது 27 யூரோ கூட வராது. அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதியில் அடுக்குக் கட்டிலில் ஓர் இடத்துக்கு 10 முதல் 15 யூரோ, தனியார் விடுதியில் இன்னும் கூட. இரவில் யாத்ரீகர் சாப்பாடு 12 முதல் 15 யூரோ. காலையில் காப்பியும் ரொட்டியும், வழியில் ஒரு துண்டு தொர்த்தியா (உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த கனமான அடை), பழம், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் நாளுக்கு 65 வெள்ளியை நெருங்கும். 27 யூரோவில் நடப்பவர்களும் உண்டு, அவர்கள் தினமும் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். 25 கிலோமீட்டர் நடந்துவிட்டு, கடைக்குப் போய் வந்து, நாலைந்து பேர் காத்திருக்கும் அடுப்பில் சமைக்க ஒரு வாரம் முடியும். அதற்கு மேல் உடம்பு கேட்காது. சைவம் என்று சொன்னாலும் சாலட்டில் சூரை மீன் வரும், பருப்புக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரசப்பொடி ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போனால், அடுப்பு கிடைக்கும் நாளில் சாமியே நேரில் வந்த மாதிரி இருக்கும்.

சாமானுக்கு 1,900 வெள்ளி வேண்டவே வேண்டாம், 650 போதும். காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள். பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது ஐந்து, ஐந்தரை கிலோ இருக்கலாம், அதாவது தேக்கா சந்தையில் வாங்குகிற ஒரு 5 கிலோ அரிசிப் பை. அதையே முதுகில் மாட்டிக்கொண்டு உங்கள் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். நீங்கள் புறப்படும் சான்-ஜான்-பியே-த-போர் ஊர் ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதல் நாளிலேயே 1,400 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். பன்னிரண்டு மாடிப் புளோக்கை ஏறத்தாழ நாற்பது முறை ஏறுவதற்குச் சமம். எட்டாவது கிலோமீட்டர் அளவில் ஓரிசோன் என்று ஒரு தங்குமிடம் உண்டு. விலை கொஞ்சம் அதிகம், முன்பதிவும் வேண்டும். பரவாயில்லை, அந்த ஏற்றத்தை இரண்டு நாளாக்குங்கள்.

அந்தப் பையில் 750 வெள்ளிக்குப் பரிசுச் சாமானை எங்கே வைப்பீர்கள்? கடைசியில் சாந்தியாகோவில் வாதுமைக் கேக் டப்பாவில் கிடைக்கும். 100 வெள்ளிக்கு அதை வாங்கி எல்லாருக்கும் வெட்டிக் கொடுங்கள்.

இனி முதல் சுழியத்துக்கு வருகிறேன்.

2018இல் நான் நடந்தபோது என் கணக்கிலும் ஓய்வு நாள் இல்லை. தேதி மாற்ற முடியாத டிக்கெட். புர்கோஸ் நகரத்தைத் தாண்டினால் மெசேத்தா என்கிற மேட்டுச் சமவெளி வரும். கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை. சமதரைதானே என்று வேகமாக நடந்தேன். நாலாம் நாள் மாலை இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு ஓரமாகச் சூடாக இருந்தது. கையை வைத்துப் பாதத்தை அசைத்தால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்றது. தசைநாண் புண்ணாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போது காரியோன் ஊரில் இருந்தேன். மருந்துக்கடைப் பெண் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நாள் நடக்காதே என்கிறாள்.

அரசு, தேவாலய அல்பெர்கேக்களில் பொதுவாக ஓர் இரவுக்கு மேல் தங்க விடமாட்டார்கள், காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஓய்வு என்றால் சாதாரண விடுதியில் தனி அறை எடுத்தாக வேண்டும். அறையும் சாப்பாடுமாக நாளுக்கு 70 யூரோ. இரண்டு நாளைக்கு 140. அந்தக் காசு என்னிடம் இல்லாமல் இல்லை. கணக்கில் அதற்கென்று ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். அதனால் மறுநாள் கிளம்பிவிட்டேன். காரியோனை விட்டால் 17 கிலோமீட்டருக்கு ஓர் ஊர் கிடையாது. அடுத்த ஊரை அடைவதற்குள் கால் சுவர்போல் இறுகிவிட்டது. மறுநாள் காலுறை போட முடியவில்லை. வண்டி பிடித்து, வழியில் அடுத்த பெரிய நகரமான லியோன் போய் ஆறு நாள் படுத்துக் கிடந்தேன். 420 யூரோ, டிக்கெட்டுக்கு அபராதம் தனி. சாந்தியாகோவில் யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் தந்தார்கள், கடைசி 100 கிலோமீட்டரை நடந்தால் அவர்களுக்குப் போதும். ஆனால் லியோனுக்கு முன்னால் எண்பது கிலோமீட்டர் போல நான் நடக்காத வழி இருக்கிறது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

ஆகவே நாலு நாள் நிற்பதற்குக் காசை இப்போதே எடுத்து வையுங்கள். நாளுக்கு 105 வெள்ளி வீதம் 420. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம், அவசரம் உங்களுடையது மட்டும்தான். ஒன்பது வருடம் அம்மாவைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டிய முதுகு உங்களுடையது. அது நடுவழியில் நில் என்று சொன்னால், காசு போய்விடுமே என்று யோசிக்காமல் நிற்க வேண்டும்.

இரண்டாவது சுழியம் தொனாதீவோ. முடிந்ததைக் கொடு என்கிற விடுதிகளுக்கு அந்தப் பெயர். அது இலவசம் இல்லை அக்கா. கிரான்யோன் என்று ஒரு சின்ன ஊர், அங்கே தேவாலயக் கோபுரத்துக்குள் தங்க வைப்பார்கள். கட்டில் இல்லை, தரையில் மெத்தை. எல்லாருமாகச் சமைத்து எல்லாருமாகப் பாத்திரம் கழுவுவோம். காணிக்கைப் பெட்டி பூட்டில்லாமல் திறந்தே இருக்கும். "முடிந்ததைப் போடுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கும். நான் தங்கிய அன்று ஒரு கொரிய அம்மா நோட்டை நாலாக மடித்து, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாதபடி உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி வந்து சில நாணயங்களை எடுத்துக்கொண்டு போனான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் அன்னதானத்தில் கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் இன்னொருவர். பழனிப் பாதயாத்திரையில் நீர்மோர் கொடுப்பவர் நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இங்கே நேற்றுத் தங்கியவர் போட்ட காசில்தான் இன்று பருப்பு வேகிறது. நீங்கள் மிச்சம் பிடித்தால் நாளைக்கு வருகிறவரின் தட்டில் குறையும். அதனால் வேறு இடத்தில் என்ன கொடுப்பீர்களோ அதையாவது போடுங்கள், சாப்பாட்டோடு என்றால் 20, 25 யூரோ. அதற்கு மேலும் கொடுக்க மனம் வரும். அதற்கென்று தனியாக 100 யூரோ, அதாவது 150 வெள்ளி, பையில் இருக்கட்டும்.

இன்னொன்று: 2027 புனித ஆண்டு. சாந்தியாகோ தேவாலயத்துக்குரிய புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிறில் விழும் ஆண்டுகளை அப்படிக் கொண்டாடுகிறார்கள். சாதாரண ஆண்டான 2024லேயே ஐந்து லட்சத்தை நெருங்கும் அளவுக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். சாரியா என்கிற ஊரிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் கூட்டம் நெருக்கும், அந்த இரவுகளுக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சின்ன ஊர்களில் ரொக்கம் வேண்டும். பண இயந்திரம் "சிங்கப்பூர் வெள்ளியிலேயே கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

சரி, கூட்டிப் பார்ப்போம். சாமானிலும் பரிசிலும் 1,900 வெள்ளி மிச்சம். நாள் செலவை 65 ஆக்க 825 போகும். நிற்கும் நாளுக்கு 420, காணிக்கைக்கு 150. இன்னும் 505 வெள்ளி கையில் இருக்கிறது. பையை அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்ப, மருந்துக்கு, ஒரு நாள் பஸ் ஏற, முன்பதிவு அறைக்கு என்று அது போகும். போகாவிட்டால் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளிடம், காசிக்கும் ஒரு நாள் போவேன் என்று சொல்லுங்கள். இந்த வழியில் எல்லா மதத்தவரும், மதமே இல்லாதவர்களும் நடக்கிறார்கள். ஒருவரும் உங்களை நீ யார் என்று கேட்கப்போவதில்லை.

அம்மாவின் முடிப்பைத் தொடாதீர்கள். அது யாருக்கு என்று சொல்லித்தான் அவர் முடிந்திருக்கிறார். அந்த 505 வெள்ளியில் ஏதாவது மீந்தால் அதைப் பழனிக்கான டிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளலாம். துணியை அங்கே போய்ப் பிரியுங்கள்.

அன்புடன்.