ஒட்டு, விதை, குச்சி: அரிய ஊசியிலை மரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே ஊசியிலை மரக் கன்றுகளை உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கக் கிளையிலிருந்து குச்சி வெட்டி நட்டேன். வேர் பிடித்து இரண்டு வருடமாகிறது. உயரமாக வளராமல் படுத்தே போகிறது. கம்பு கட்டினால் நிமிருமா?
– வாசகி, குன்னூர்

பதில்: நிமிராது அம்மா. நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது அரோகேரியா. இந்த இனத்தில் நடுத்தண்டு மேல்நோக்கி வளரும், பக்கக் கிளை பக்கவாட்டில் மட்டுமே வளரும். பக்கக் கிளையை வெட்டித் தனியாக நட்டாலும் அது கடைசி வரை கிளையாகவே இருக்கும். எத்தனை வருடம் கம்பு கட்டினாலும் நான்கு பக்கமும் அடுக்கடுக்காகக் கிளை விடும் அந்த வடிவம் வராது.

நடுத்தண்டின் நுனியைத்தான் எடுக்க வேண்டும். ஒரு மரத்துக்கு ஒரு நுனிதானே என்று தயங்க வேண்டாம். தொட்டியில் வளரும் ஒரு மீட்டர் கன்றின் நுனியை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டிவிட்டால், வெட்டுக்குக் கீழே தண்டிலிருந்து சில மாதங்களில் இரண்டு மூன்று நேர்த் தளிர்கள் கிளம்பும். அவை 10, 15 செ.மீ. வளர்ந்து அடிப்பகுதி சற்று முற்றியதும் வெட்டி நடலாம். இப்படி ஒரே தாய்ச்செடியிலிருந்து பல முறை குச்சி எடுக்கலாம். வாசலில் நிற்கும் பெரிய மரத்தின் நுனியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் அழகு போய்விடும், முதிர்ந்த மரத்துக் குச்சி வேர்விடுவதும் கடினம்.

உலகின் மிக அரிய மரங்களில் ஒன்றான வொலெமி பைனுக்கும் இதே விதிதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1994-இல் டேவிட் நோபல் என்ற தேசியப் பூங்கா அலுவலர் அதைக் கண்டுபிடித்தார். காட்டில் அதன் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. அதுவும் அரோகேரியா குடும்பம்தான். பக்கக் கிளைக் குச்சி வைத்தால் படர்ந்த புதர் வரும், நேர்த் தளிரை வைத்தால் மரம் வரும். மரத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக நினைப்பவர் குச்சியை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஹூப்சி என்ற நீல ஸ்புரூஸ் மரம் நண்பர் வீட்டில் இருக்கிறது. விதை எடுத்து முளைக்க வைத்தால் அதே நிறம் வருமா, அல்லது ஒட்டுதான் கட்ட வேண்டுமா? குளிர்காலத்தில் வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், டொரன்டோ

பதில்: விதையில் வரும் கன்றுகள் பச்சை, சாம்பல், இளநீலம் என்று கலந்து வரும். ஹூப்சி ஹூப்சியாகவே வேண்டுமென்றால் ஒட்டுதான். முதிர்ந்த ஸ்புரூஸின் குச்சி எளிதில் வேர்விடாது. ஒட்டுக் கட்ட உங்கள் ஊர்க் குளிர்காலம்தான் சரியான பருவம்.

வேர்ச்செடியாக, அதாவது ஒட்டைத் தாங்கும் அடிச்செடியாக, நார்வே ஸ்புரூஸ் கன்று வேண்டும். தொட்டியில் வேரூன்றிய, பென்சில் கனமுள்ள, இரண்டு மூன்று வயதுக் கன்று போதும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ அதை வெளியிலிருந்து கொண்டுவந்து, வெளிச்சமுள்ள, 10 முதல் 15 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண் ஓரத்தில் வெள்ளை வேர்நுனிகள் தெரியும். ஒட்டுக் கட்ட அதுதான் அடையாளம். வேர் விழிக்காத செடியில் கட்டினால், காயம் கூடுவதற்கு முன்பே ஒட்டுக்குச்சி காய்ந்துபோகும்.

ஒட்டுக்குச்சியை ஹூப்சி மரம் உறக்கத்தில் இருக்கும்போதே எடுங்கள். மேல் மூன்றில் ஒரு பகுதியில், போன வருட வளர்ச்சியாக, நுனியில் நல்ல மொட்டோடு 8 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கட்டும். அன்றே கட்ட முடியாவிட்டால் ஈரத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

கட்டும் நாளில் ஒட்டுக்குச்சியின் அடி 4 செ.மீ. ஊசிகளை நீக்குங்கள். ஒரு பக்கம் 3 செ.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பில் சமமாகச் சீவுங்கள், மறுபக்கம் அடியில் அரை செ.மீ. சரிவாக வெட்டுங்கள். வேர்ச்செடியில், மண்ணிலிருந்து சுமார் 5 செ.மீ. உயரத்தில் வந்து முடியும்படி, பட்டையோடு மெல்லிய மரப்பகுதியும் சேர மேலிருந்து கீழாக அதே நீளத்துக்குச் சீவி, அடியில் சிறிய மடலை விட்டுவிடுங்கள். குச்சியின் அடி அந்த மடலுக்குள் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே கனமாக இல்லாவிட்டால் குச்சியை நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக ஒதுக்குங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள பச்சைப் படலம், அதாவது கேம்பியம், ஒரு பக்கமாவது நேருக்கு நேர் சேர்ந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். 6 மி.மீ. அகல ரப்பர் பட்டையால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். வேர்ச்செடியின் தலையை இப்போது வெட்டக் கூடாது. ஒட்டுக் கூடும் வரை செடியை உயிரோடு வைத்திருப்பது அதன் இலைகள்தான்.

பிறகு ஒட்டுப் பகுதியை மூடும் பிளாஸ்டிக் பையோ கூடாரமோ போட்டு, நேர்வெயில் படாமல், 15 முதல் 18 டிகிரியில் வையுங்கள். தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். தொட்டி நனைந்து கிடந்தால் வெட்டு வாயில் சாறும் பிசினும் பொங்கி ஒட்டுக்குச்சியைத் தள்ளிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஓரங்களில் வெளிர் நிறக் காயத்திசு தெரியும். மொட்டு விரியத் தொடங்கியதும் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள், வேர்ச்செடியின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். மீதியை அடுத்த வசந்தத்துக்குள் இரண்டு தவணையாக வெட்டி எடுத்துவிடலாம். கத்தியில் பிசின் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செடிக்கும் இடையே ஸ்பிரிட்டால் துடைப்பதைத் தவறவிடாதீர்கள்.

ஸ்புரூஸ் ஒட்டு முதல் வருடத்தில் சாய்ந்து வளர்வது இயல்பு. அரோகேரியா போலன்றி இதைத் திருத்த முடியும். மெல்லிய மூங்கில் குச்சி நட்டு, ஒரு தளிரை மட்டும் நேராகக் கட்டிவிட்டால் அது நடுத்தண்டாக மாறிவிடும்.

கேள்வி: எந்த மரத்தின் மேல் எதை ஒட்டலாம்?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஒரே பேரினத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு. ஃபர் மேல் ஃபர், தேவதாரு மேல் தேவதாரு வகைகள். பைனில் மட்டும் ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து ஊசி வகைகளை கிழக்கத்திய வெள்ளைப் பைன் மேலும், இரண்டு ஊசி வகைகளை ஸ்காட்ஸ் பைன் மேலும் கட்டுவது வழக்கம். மாற்றிக் கட்டினால் முதலில் பிடித்ததுபோல் தெரிந்து, சில வருடம் கழித்துக் கைவிடும் ஆபத்து உண்டு. ஜப்பானிய வெள்ளைப் பைனை இரண்டு ஊசிக் கறுப்புப் பைன் மேல் கட்டும் ஜப்பானியர் முறை இதற்கு ஒரு விதிவிலக்கு. ஹினோகி சைப்ரஸின் குள்ள வகைகளைத் துஜா மேல் கட்டலாம்.

கேள்வி: பைன் விதைகள் நன்றாக முளைத்தன. பத்து நாளில் பாதி அடியில் கறுத்துச் சாய்ந்துவிட்டன. பிழைத்தவையும் மஞ்சளாக, வளராமல் நிற்கின்றன. உரம் போட்டும் பயனில்லை.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். சாய்ந்தது நாற்றழுகல். பிதியம், ரைசாக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் தண்டை மண் மட்டத்தில் அழித்துவிடும். கழுவிய ஆற்றுமணலும் மக்கிய இலைமண்ணும் சம அளவில் கலந்து, விதையை அதன் கனத்துக்கு மேல் ஆழமில்லாமல் ஊன்றி, மேலே அரை செ.மீ. பருமணல் தூவுங்கள். காலையில் மட்டும் தண்ணீர், நல்ல காற்றோட்டம். சாயத் தொடங்கினால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம்.

மஞ்சளித்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேர்ப்பூஞ்சை இல்லாமை. பைனின் வேர் தனியாக மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்கத் திணறும், அதற்கென்று துணைப்பூஞ்சை வேண்டும். உங்கள் மலையிலேயே வளர்ந்த பைன் மரங்கள் இருக்கின்றன. தோட்டத்திலோ நண்பர் இடத்திலோ உள்ள நலமான மரத்தடியில், சருகை விலக்கிவிட்டு, வேரோட்டமுள்ள மேல்மண் ஒரு கைப்பிடி எடுத்து ஒவ்வொரு தொட்டியிலும் கலந்துவிடுங்கள். மருந்து ஊற்றிய உடனே இதைச் செய்ய வேண்டாம், சில வாரம் பொறுங்கள். உரத்தையும் நிறுத்துங்கள். மணிச்சத்து அதிகமானால் பூஞ்சை வேரோடு சேராது.

விதைக்குக் குளிர்பதனம், அதாவது ஊன்றும் முன் ஈரத்தோடு குளிரில் வைப்பது, வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டுலா பைனுக்கு அது பெரிதாகத் தேவையில்லை. தேவதாருக்கு இரண்டு மூன்று வாரம், கொரிய ஃபருக்கு நான்கு வாரம், ஜப்பானிய வெள்ளைப் பைனுக்கு மூன்று மாதம் வரை. விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈரமணலில் கலந்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் ஊறிய விதை செத்துப்போகும்.

கேள்வி: ஜூனிபர் குச்சிகள் நான்கு மாதமாகப் பச்சையாகவே இருக்கின்றன. பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைக் கட்டி மட்டும் இருக்கிறது, வேர் இல்லை.
– வாசகி, கோத்தகிரி

பதில்: அந்தக் கட்டி காயத்திசு. வேர்விடத் தூண்டும் ஹார்மோன் போதாதபோதும், மண்கலவையில் காரத்தன்மை கூடியிருக்கும்போதும் குச்சி அதோடு நின்றுவிடும். கட்டியைக் கத்தியால் லேசாகச் சுரண்டி, மறுபடி ஹார்மோனில் தோய்த்து நடுங்கள்.

அந்த ஹார்மோனான ஐபிஏ 1 கிராமை 100 மி.லி. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு 100 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 5,000 பிபிஎம் கரைசல் கிடைக்கும். நேராகத் தண்ணீரில் போட்டால் ஐபிஏ சரியாகக் கரையாது. குச்சியின் அடி ஒரு செ.மீ. ஐந்து வினாடி நனைந்தால் போதும். அடுத்த முறை டிசம்பர், ஜனவரியில் இளம் செடியிலிருந்து 10, 15 செ.மீ. குச்சிகளைப் பழைய மரத்துணுக்கு அடியில் ஒட்டியிருக்கும்படி இழுத்துக் கிள்ளி எடுங்கள். அடியில் ஒரு பக்கம் பட்டையை இரண்டு செ.மீ. சீவுங்கள். கோகோபீட்டை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிய பிறகே சம அளவு பெர்லைட்டுடன் கலக்குங்கள். கிரிப்டோமேரியா, துஜாவுக்கும் இதே முறைதான்.

கேள்வி: நீல ஸ்புரூஸ் விதையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மொட்டைமாடியில் வளர்க்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். குளிர்கால உறக்கம் கிடைக்காமல், சென்னை வெயிலில் அது நிலைக்காது. அதோடு, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். அரோகேரியா, போடோகார்பஸ் வகைகளை நம்பி வளர்க்கலாம்.

கேள்வி: நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஊசியிலை மரம் ஏதாவது உண்டா? வீட்டில் கன்று எடுக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. நாகேயா வாலிச்சியானா. முன்பு போடோகார்பஸ் என்ற பெயரில் இருந்தது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத் தாவரம், அதாவது ஊசியிலை மர வகை, இதுதான். வடகிழக்கு இந்தியாவிலும் இருக்கிறது. இலை ஊசியாக இருக்காது. அகலமாக, நடுநரம்பில்லாமல், இணைநரம்புகள் நீளவாட்டில் ஓடும். அதனால் பார்த்தவர்களும் ஊசியிலை மரங்களின் உறவு என்று நம்ப மாட்டார்கள்.

ஆண், பெண் மரங்கள் தனித்தனி. பக்கத்தில் ஆண் மரம் இல்லாத பெண் மரத்தில் நல்ல விதையை எதிர்பார்க்க முடியாது. விதையைக் காய வைக்கவே கூடாது. விழுந்த பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, அன்றோ மறுநாளோ, இலைமண்ணும் மணலும் கலந்த தொட்டியில் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றி, நிழலில், ஈரம் மாறாமல் வையுங்கள். முதல் சில வருடம் நிழல் அவசியம், இது மழைக்காட்டின் அடியில் முளைத்து மெதுவாக மேலேறும் மரம். காப்புக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியின்றி விதையோ நாற்றோ எடுக்கக் கூடாது. தாவரவியல் பூங்காக்களிலும் தனியார் தோட்டங்களிலும் உள்ள மரங்களிலிருந்து முறையாகக் கேட்டு வாங்குங்கள். தாய்மரம் நிற்கும் இடம், எடுத்த தேதி இரண்டையும் அலுமினியத் தகட்டில் கீறித் தொட்டியில் கட்டிவையுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கன்றைப் பின்னாளில் காட்டு மீட்புப் பணிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.