மேயரை யார் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஐயா, மலேசியாவில் 2018-ல் நாங்கள் ஓட்டுப் போட்டது ஒரு கூட்டணிக்கு, 2020-ல் ஆட்சியில் உட்கார்ந்தது இன்னொரு கூட்டணி. இனி அப்படி நடக்காது அல்லவா? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: நடக்கலாம். 2022 அக்டோபர் 5-இல் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியை விட்டு விலகும் எம்.பி.யின் தொகுதி காலியாகும். ஆனால் கட்சியே அவரை நீக்கினால் பதவி போகாது. ஒரு கட்சி முழுசாகக் கூட்டணி மாறினாலும் இந்தச் சட்டம் தொடாது. 2020 பிப்ரவரியில் பெர்சத்து என்ற கட்சி முழுசாகவேதான், அப்போது ஆட்சியில் இருந்த நம்பிக்கைக் கூட்டணியை விட்டு வெளியேறியது. ஆக, எந்தச் சம்பவத்துக்குப் பயந்து இந்தச் சட்டத்தைக் கேட்டோமோ, அதன் பெரும்பகுதியை இது தடுத்திருக்காது. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் ஓட்டுப் போடுகிறோம். சாலை, வடிகால், கட்டட அனுமதி எதிலும் நமக்குச் சொல் இல்லையே, ஏன்? – செந்தூல் வாசகி

பதில்: என்னைக் கேட்டால், நம் நாட்டு ஜனநாயகத்தின் பெரிய குறை இதுதான், அம்மா. 1974-இல் கூட்டரசுப் பிரதேசமான, அதாவது மத்திய அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்த கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் இல்லை. 11 எம்.பி.க்கள் இருக்கிறார்கள், ஆனால் மேயர் நியமனம். உங்கள் வீட்டுப் பின்னால் 40 மாடி எழும்பினால், அதற்கு அனுமதி தந்தவரை ஓட்டுப் போட்டு இறக்க உங்களால் முடியாது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் 1951-லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்த வருஷம் கோலாலம்பூரில். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை உண்டு. அந்தச் சாலையில் தினமும் போய்வரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி இந்தத் தேர்தல்களை நிறுத்தினார்கள். மோதல் மறு வருஷமே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976-இல் ஊராட்சிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. பினாங்கு மாநில அரசு 2012-இல் சொந்தமாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவி மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் இருக்கிறது.

நகரத் தேர்தல் இனப் பிளவை வளர்க்கும் என்கிறார்கள். 1969 இனக் கலவரத்தைப் பார்த்தவர்களின் அந்தப் பயத்தை நான் உதறித் தள்ள மாட்டேன். ஆனால் இதே நகரத்தில் நாடாளுமன்றத் தேர்தல் அமைதியாக நடக்கிறதே! முதலில் கோலாலம்பூர் மேயர் பதவிக்கு மட்டுமாவது நடத்திப் பார்க்கட்டும்.

கேள்வி: ராணுவச் சட்டத்திலிருந்து தென்கொரியா அவ்வளவு சீக்கிரம் எப்படித் தப்பித்தது? – பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி மாணவர்

பதில்: 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். ராணுவம் வந்து நிற்கும்போதே, சிலர் சுவரேறிக் குதித்து, 190 எம்.பி.க்கள் மன்றத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் அந்த அறிவிப்பை ரத்து செய்ய ஓட்டுப் போட்டார்கள். அதில் யூனின் சொந்தக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், எனக்கு அதுதான் முக்கியம். வெளியே பொதுமக்கள் திரண்டு நின்றார்கள். 2025 ஏப்ரல் 4-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

கேள்வி: மகளுக்கு 18 ஆகிவிட்டது. வாக்காளராகப் பதிய எங்கே போக வேண்டும்? – ஆயர் ஈத்தாம் தாயார்

பதில்: எங்கும் போக வேண்டாம். 2021 டிசம்பர் 15 முதல் பதிவு தானாகவே நடக்கிறது. மைகார்டில் (அடையாள அட்டையில்) உள்ள முகவரிப்படிதான் தொகுதி. மகள் பினாங்கில் படித்தாலும் கார்டில் ஈப்போ முகவரி இருந்தால் ஓட்டு ஈப்போவில்தான். தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டி, இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.