மருந்து ஆலைக் கழிவும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: வாசகர் கேள்விகள்

ஆலைக் கழிவு ஆற்றில் கலந்ததும் நீர்த்துப் போய்விடுமே, அந்தத் துளி மருந்து என்ன செய்துவிடும்?

எல்லா இடத்திலும் அது துளி இல்லை. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வெளியேறிய நீரைச் சோதித்த ஸ்வீடன் ஆய்வாளர் யோவாகிம் லார்சன் குழு, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007இல் எழுதியது. அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு மருந்து இருக்காது. கவனியுங்கள், இது சுத்திகரித்த பிறகு வந்த நீர்.

சரி, துளியாகவே இருக்கட்டும். கிருமியைக் கொல்லப் போதாத மருந்தும் அதன் வளர்ச்சியைக் கொஞ்சம் மந்தமாக்கும். அந்த மருந்தை எதிர்க்கும் திறன் உள்ள கிருமிக்கு அந்தத் தடை இல்லை, அது முந்திக்கொண்டு பெருகும். வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில் 200இல் ஒரு பங்குகூட இல்லாத சிப்ரோஃப்ளாக்சசினே இதற்குப் போதும் என்று 2011இல் ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள்.

சுத்திகரிப்பு நிலையம் எதற்குத்தான் இருக்கிறது?

கோபம் நியாயமானது. இந்த நிலையங்களில் கழிவைத் தின்று செரிப்பதே பாக்டீரியாதான். ஆலைக் கழிவு மட்டும் வந்தால் அவை திணறும் என்பதால், சில இடங்களில் வீட்டுச் சாக்கடை நீரையும் கலக்கிறார்கள். அதோடு மனிதக் குடலில் வாழும் கிருமிகளும் வந்துவிடுகின்றன. குடல் கிருமி, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி, விடாமல் வந்துகொண்டே இருக்கும் ஆன்டிபயாடிக், மூன்றும் ஒரே தொட்டியில்!

அங்கே நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டிப் பக்கத்தில் இருப்பதை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏவின் நகல் ஒன்றை அதற்குள் அனுப்புகிறது. இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கலாம். அப்புறம் அவற்றில் ஒரு மருந்து மட்டும் நீரில் இருந்தாலும் மொத்த வளையமும் நிலைத்துவிடும். இந்தியாவில் மருந்து ஆலைக் கழிவு வரும் ஒரு நிலையத்தில் எடுத்த 93 பாக்டீரியா வகைகளை 39 ஆன்டிபயாடிக்குகளோடு சோதித்த ஆய்வு 2013இல் வந்தது. 86 சதவீத வகைகள் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்கவில்லை.

அதனால்தான் ஆலை வாசலைத் தாண்டுவதற்கு முன்பே மருந்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். செறிவான கழிவைத் தனியே பிடித்து எரிக்கலாம். மீதியை ஓசோன் கொண்டு சிதைக்கலாம், கரி வடிகட்டியிலும் பிடிக்கலாம். சாக்கடையோடு கலந்த பிறகு இதெல்லாம் பெரும் செலவு.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?

கிருமிக்குப் போதும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் கொதிநீரில் சாகும். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து கொதிப்பதால் போய்விடாது.

ஆற்றில் குளித்தால் உடனே நோய் வருமா?

பெரும்பாலும் வராது, சிக்கலே அதுதான். விழுங்கிய நீரோடு போகும் கிருமி குடலில் சத்தமில்லாமல் தங்கிவிடலாம். பிரிட்டனில் கடலலைச் சறுக்கு விளையாடுபவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவைச் சுமப்பவர்களின் விகிதம், விளையாடுபவர்களிடையே ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அவர்கள் நோயாளிகள் இல்லை. பிறகு என்றைக்காவது சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சையோ வரும்போது, வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

இதற்குச் சட்டம் இல்லையா?

2020 ஜனவரியில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு வைத்து வரைவு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம். உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் உற்பத்திக் கழிவுக்கென்று முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. மருந்தை மொத்தமாக வாங்கும் அரசுகளும் மருத்துவமனைகளும் டெண்டரிலேயே ஒரு நிபந்தனை போடலாம்: எந்த ஆலையில் தயாரானது, அதன் கழிவுநீரில் எவ்வளவு மருந்து என்ற அளவீட்டைக் காட்ட வேண்டும். புதுச் சட்டம் வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.