கோல்கம்பத்துக்கு மாலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரன். வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு கொல்கத்தாவில் இருக்கிறேன். ஊர்த் திருவிழாக்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன்.

வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று இங்கே கால்பந்து கிளப்புகளில் ‘பார் பூஜை’ என்று ஒன்று நடக்கிறது. இந்த வருடம், கிளப்புகள் இருக்கும் ‘மைதான்’ என்ற பெருந்திடல் பக்கம் போய்ப் பார்த்தேன். கோல்கம்பத்துக்கு மாலை சுற்றி, குங்குமம் வைத்து, புரோகிதர் மந்திரம் சொல்ல, பக்கத்தில் விளையாட்டு வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் இனிப்பு.

என் மகன் ஆடும் சிறுவர் பயிற்சி முகாமிலும் இதையே சின்ன அளவில் செய்தார்கள். பையன்களை வரிசையாக நிறுத்தி நெற்றியில் திலகம் வைத்தார்கள். அவன் அணியில் முஸ்லிம் பையன்கள் இருக்கிறார்கள். இருவர் சிரித்துக்கொண்டே நெற்றியைக் காட்டினார்கள். ஒருவன் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். அது மனதை விட்டுப் போகவே இல்லை.

ஆயுத பூஜைக்குக் கிரிக்கெட் மட்டைக்குச் சந்தனம் வைத்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் வீடு வேறு, பொதுத் திடல் வேறு அல்லவா? விளையாட்டில் மதச் சடங்குக்கு என்ன இடம்? பயிற்சியாளரிடம் இதைப் பேசலாமா, அல்லது வெளியூர்க்காரன் நமக்கேன் வம்பு என்று இருந்துவிடலாமா?

எஸ்., கொல்கத்தா

அன்புள்ள எஸ்.,

பேசுங்கள். கட்டாயம் பேசுங்கள். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பூஜையே திடலில் கூடாது என்ற இடத்துக்கு நீங்கள் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பொய்லா பொய்ஷாக் அன்று காலையில் உங்கள் தெருக் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். லட்சுமி, கணேசர் படத்துக்கு முன்னால் சிவப்பு அட்டை போட்ட புதுக் கணக்கு நோட்டை வைத்து, முதல் பக்கத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டு, வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு இனிப்புக் கொடுப்பார்கள். ஹால் காதா என்பது அதுதான். அதே நாளையொட்டித்தான் நம் தஞ்சைப் பக்கத்தில் நல்லேர் பூட்டுகிறார்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கலப்பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கோடை உழவுக்கு முன் சாஸ்திரத்துக்கு நாலு சால் ஓட்டுவது. கடைக்காரருக்குக் கணக்கு, உழவருக்கு ஏர், கால்பந்துக்காரருக்குக் கோல்கம்பம். கல்கத்தா லீக் 1898 முதல் நடக்கிறது. வெயில் முற்றி மழை இறங்கும் மாதங்கள்தான் அதன் காலமாக இருந்தது. சேற்றில் இறங்கப் போகிறவன், ஆடும் இடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறான். இதில் எனக்குத் தப்பாக எதுவும் படவில்லை. அழகாகத்தான் படுகிறது.

விவேகானந்தர் 1897இல் சென்னையில் பேசியபோது, கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்தை அதிகம் நெருங்குவீர்கள் என்றார். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து அவர் சொன்னதை விட்டுவிடுவார்கள்: கையும் தசையும் கொஞ்சம் உரம் பெற்றால் கீதை உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் என்றார். உடம்பை வளர்ப்பதும் சாமி கும்பிடுவதும் கொல்கத்தாவில் ஒரே வாசலில் நடந்திருக்கின்றன. விவேகானந்தர் பிறந்த சிம்லா பகுதியிலேயே 1926இல் அதீந்திரநாத் போஸ் என்ற புரட்சிக்காரர் ஓர் உடற்பயிற்சிச் சங்கத்தைத் தொடங்கினார். சிம்லா வியாயாம சமிதி. தண்டால், மல்யுத்தம், சிலம்பம் என்று பையன்களைத் தயார் செய்த அந்தச் சங்கம்தான் அங்கே துர்கா பூஜையும் நடத்தியது. ஆங்கிலேய அரசு 1930களில் அதைச் சில ஆண்டுகள் தடை செய்தது. தாகூரின் சகோதரி மகள் சரளாதேவி அதற்கும் முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துர்கா பூஜையின் அஷ்டமி நாளை வீராஷ்டமி என்று கொண்டாட வைத்தார். இளைஞர்கள் வாளும் கம்பும் எடுத்து விளையாடிக் காட்டும் விழா. அந்தப் பையன்களுக்கு வாள்வீச்சும் கம்பு விளையாட்டும் சொல்லிக்கொடுக்க அவர் அமர்த்திய உஸ்தாத் முர்தஜா என்ற முஸ்லிம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் அவர் நினைவுதான் வந்தது. துர்கையின் விழாவுக்கு அவர் குருவாக வந்தார். யாரும் அவரை வரிசையில் நிறுத்தித் திலகம் வைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணியின் பொற்காலம் என்று பெரியவர்கள் சொல்வது 1940களின் கடைசியும் 50களின் தொடக்கமும். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையை வென்றார்கள். முன்வரிசையில் ஆடிய ஐந்து பேர் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் நம் தென்னாட்டுக்காரர்கள், ஒருவர்கூட வங்காளி இல்லை. ரசிகர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் பஞ்ச பாண்டவர். ரசிகர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து, பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்கள். மதக் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, அகதிக் குடியிருப்பில் ஓலைக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள், இரண்டு முஸ்லிம்களைப் பாண்டவர்களாக்கித் தோளில் தூக்கினார்கள். எந்த அரசும் இதைச் செய்யச் சொல்லி அவர்களிடம் கேட்கவில்லை.

கல்கத்தாவின் கால்பந்தில் மதச் சண்டை நுழையவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முஸ்லிம்களின் கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கை வென்றது. லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1911இல் மோகன் பகான் ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஷீல்டை எடுத்தபோது நாடே கொண்டாடியது. முகமதனின் வெற்றியும் அதே மாதிரி எல்லோருக்குமான வெற்றியாகியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் வெளியே அரசியல் கெட்டுப்போயிருந்தது. காலரியில் இருந்தவர்கள் கிளப்பை மறந்து மதத்தைப் பார்த்துக் கத்தினார்கள். அந்த விஷம் சட்டசபையிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் தெருக்கூட்டங்களிலிருந்தும் வந்தது. கம்பத்தில் சுற்றிய பூவிலிருந்து வரவில்லை.

ஆகவே எனக்குச் சடங்கைப் பார்த்துப் பயமில்லை. நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இது யார் வீட்டு விசேஷம்? வங்காளத்தின் குப்திபாரா என்ற ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெரிய வீட்டுப் பூஜையில் உள்ளே விடாததால் பன்னிரண்டு நண்பர்கள் தாங்களே சந்தா போட்டுப் பூஜை நடத்தினார்களாம். பொதுப் பூஜை என்பது அப்படித்தான் பிறந்தது. இன்றும் கொல்கத்தாவில் பூஜை நடத்துவது பெரும்பாலும் பேட்டையின் கிளப்தான். அங்கே கேரம் பலகை இருக்கும், கால்பந்து அணி இருக்கும், ரத்ததான முகாம் நடக்கும். கிளப் பையன்கள்தான் மூங்கில் இறக்குவார்கள், ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார்கள், கடைசி நாள் சிலையைத் தூக்கிக்கொண்டு நதிக்குப் போவார்கள்.

எங்கள் ஊரில் பொங்கல் விளையாட்டுப் போட்டியும் இப்படித்தான் நடந்தது. நாற்பது பக்க நோட்டில் ஊர்க்காரர் பெயரும் தொகையும் எழுதியிருக்கும். இரண்டு ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதில் உண்டு. வழுக்கு மரத்துக்கு விளக்கெண்ணெயும் சோற்றுக் கற்றாழைச் சாறும் குழைத்துப் பூசுவது ஒரு நாள் வேலை. பூசுகிறவனின் முழங்கை வரை பச்சையாக வழியும், ஈ மொய்க்கும். உறியடிக்குப் பானை கொடுக்கும் குயவர் வீட்டில் காசு வாங்க மாட்டார்கள், அதுதான் அவர்கள் வரி. பரிசு எவர்சில்வர் குடம், சோப்பு டப்பா. பிறகு ஒரு வருடம் ஒரு பிரமுகர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டார். மேடை வந்தது, ஆளுயரப் பதாகை வந்தது, பரிசு ரொக்கமானது. நோட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மரத்துக்கு எண்ணெய் பூசக் கூலிக்கு ஆள் வந்தார்கள். தேர்தல் முடிந்ததும் பிரமுகர் வரவில்லை. நோட்டை மறுபடி எடுக்க ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. கெட்டது செய்ய வந்தவர் இல்லை அவர். ஆனால் ஊரை விருந்தாளியாக்கிவிட்டுப் போனார்.

மேற்கு வங்க அரசு 2018இல் பூஜைக் குழுக்களுக்குத் தலா 10,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024இல் அது 85,000, அடுத்த ஆண்டு 1,10,000. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் கொல்கத்தாவின் துர்கா பூஜை சேர்ந்தது. நான் மனமார மகிழ்ந்த செய்தி அது. ஆனால் பெரிய பூஜைகள் பலவும் இன்று அமைச்சர்கள் பெயரால் அறியப்படுகின்றன. 2021இல் ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப் புர்ஜ் கலிஃபா மாதிரி பந்தல் போட்டபோது கூட்டம் தாங்காமல் பார்வையாளர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பெயரில் ஸ்போர்ட்டிங் கிளப் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் முட்டி மோதியவர்கள் அந்த விழாவுக்கு யார்? கால்பந்திலும் இதே கதைதான். 2020இல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் இன்னொரு நிறுவன அணியின் பெயர் ஒட்டப்பட்டபோது ரசிகர்கள் ஓயாமல் எதிர்த்தார்கள். 2023இல் அந்தப் பெயரை எடுக்க வைத்தார்கள். கிளப் தங்களுடையது என்று நம்புகிறவர்களால்தான் அது முடிந்தது.

2024 ஆகஸ்டில் நீங்கள் அங்கே இருந்திருந்தால் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, 18ஆம் தேதி நடக்கவிருந்த மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்தானது. ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் அந்த மருத்துவருக்கு நீதி கேட்டு ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு காலரிக்கும் ஒரே குரல் என்று முழக்கமிட்டார்கள். முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். தடியடி நடந்தது. மோகன் பகான் சட்டை போட்டவர் தோளில் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டவர் உட்கார்ந்திருக்கும் படம் ஊரெங்கும் போயிற்று. அதே கொலையைக் கண்டித்து அந்த ஆண்டு சில பூஜைக் குழுக்கள் அரசுப் பணம் வேண்டாம் என்று மறுத்தன. 85,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கிளப்புக்குச் சொந்த ரசீதுப் புத்தகம் இருக்க வேண்டும். இதற்காகத்தான் நான் திருவிழாக்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பையனுக்கு அன்றைக்கு அது தன் வீட்டு விசேஷமாக இல்லை. அதை நீங்கள் கவனித்தீர்கள், நல்லது. பெரியவர்கள் விரும்பி உட்கார்வது வேறு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நெற்றியில் வைப்பது வேறு. அந்த வயதில் அணியிலிருந்து தள்ளி நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று பயிற்சியாளருக்குத் தெரியவேண்டும். பூஜையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவர் மனம் மூடிக்கொள்ளும். திலகத்தைத் தட்டில் வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள். கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் வலை கட்டுவதும் இனிப்புக் கொடுப்பதும் எல்லாப் பையன்களும் சேர்ந்து செய்யட்டும். புத்தாண்டின் முதல் உதையை அந்தப் பையன் உதைக்கட்டும். பந்து உருள்வதுவரை அதுவும் அந்தப் பூஜையின் பகுதிதான்.

வெளியூர்க்காரன் என்று தயங்க வேண்டாம். சந்தா கட்டுகிறீர்கள், உங்கள் பையன் அங்கே ஆடுகிறான். தனியாகப் போகாமல் இன்னும் இரண்டு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, ஆட்டம் இல்லாத ஒரு மாலையில் போங்கள். முடிந்தால் அந்தப் பையனின் அப்பாவிடம் முதலில் பேசிவிடுங்கள். அவருக்கு வேறு யோசனை இருக்கலாம்.

அன்புடன்