ஸ்கூல் ஆப்ல பசங்க டேட்டாவ எப்படி பாதுகாக்குறது?
ஸ்கூல்ல எல்லாத்துக்கும் ஆப் வந்துடுச்சு, பசங்க டேட்டாவ எப்படி காப்பாத்துறதுன்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா மொதல்ல தேவையில்லாதத வாங்காம இருக்கணும், ஏன்னா சேத்து வைக்காத டேட்டாவ யாராலயும் திருட முடியாது. ஹோம்வொர்க் ஆப் போட்டதும் லொகேஷன், கான்டாக்ட்ஸ், மைக்னு வரிசையா பர்மிஷன் கேக்கும் பாருங்க, கணக்கு போடுற புள்ள எங்க இருக்குன்னு அதுக்கு எதுக்கு தெரியணும்? வேணாம்னு அமுக்குங்க, பெரும்பாலும் ஆப் நல்லாவே ஓடும்.

இது வீண் பயம் இல்லீங்க. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு 2022ல 160க்கு மேல கல்வி ஆப், வெப்சைட்டெல்லாம் சோதிச்சுப் பாத்ததுல 89 சதவீதம் பசங்களோட உரிமைக்கு ஆபத்தான மாதிரி டேட்டாவ கையாண்டிருக்கு. 2024 டிசம்பர்ல ஸ்கூல்களுக்காக பசங்க விவரத்த சேத்து வைக்கிற பவர்ஸ்கூல்ங்கிற அமெரிக்க கம்பெனியோட சிஸ்டத்துக்குள்ள புகுந்தவங்க திருட்டு லாகின் ஒண்ண வச்சு ஸ்கூல்களுக்கு உதவி பண்ற சப்போர்ட் வெப்சைட் வழியா போயி பசங்க பேரு, அட்ரஸ், சிலரோட மெடிக்கல் விவரம் வரைக்கும் அள்ளிட்டாங்க. அதான் ஸ்டாஃப் லாகினுக்கு பாஸ்வேர்டோட ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டும் கட்டாயம் வேணும்ங்கிறேன்.

ஸ்கூலுக்கு ஒரு மெயில் போட்டு கேளுங்க, கம்பெனிக்கு என்னென்ன போகுது, விளம்பரத்துக்கு குடுக்குறாங்களா, புள்ள ஸ்கூல விட்டுப் போனா எத்தன நாள்ல அழிப்பாங்கன்னு. கடைசி கேள்விக்கு பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.

அப்புறம் பேரு, பிறந்த தேதி, ஃபோன் நம்பரோட மார்க் ஷீட்ட அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்கன்னா, அத இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க.