பேரிடர் அதிகாரி நாற்காலியில் யார் உட்கார வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மணல் மூட்டை, படகு, மோட்டார் எல்லாம் சரி, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு ஆள் வேண்டாமா, அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு முழுப் பகுதியையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இதில் திட்டவட்டமான கருத்து உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சி. வெள்ளம் வந்தபோது தாலுகா ஆபீஸில் நகராட்சியைக் கேளுங்கள் என்றார்கள், நகராட்சியில் கலெக்டர் ஆபீஸைக் கேளுங்கள் என்றார்கள். உண்மையில் யார்தான் பொறுப்பு?
– டெல்டா மாவட்ட வாசகர்

பதில்: சட்டப்படி பதில் தெளிவாகவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25வது பிரிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டரைத் தலைவராக வைக்கிறது. உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். எஸ்.பி.யும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியும் உறுப்பினர்கள். இவர்களோடு கூடுதல் கலெக்டர் தகுதிக்குக் குறையாத ஒருவரைத் தலைமைச் செயல் அலுவலராக மாநில அரசு நியமிக்க வேண்டும். 41வது பிரிவு நகராட்சிக்கும் வேலை கொடுத்திருக்கிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி, கருவிகளைத் தயாராக வைத்திருப்பது, நிவாரணப் பணி. 2025இல் வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள ஊர்களுக்கும் ஆணையர் தலைமையில் தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம் என்கிறது. உங்களுடையது நகராட்சி என்பதால் அது உங்களுக்கு வராது.

ஆக, காகிதத்தில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கலெக்டர் தலைவராக இருக்கும் குழுக்களை அவராலேயே எண்ணிச் சொல்ல முடியாது. காலையில் மனுநீதி நாள், மதியம் அமைச்சர் வருகை, சாயங்காலம் ரோடு பாதுகாப்புக் கூட்டம் என்று ஓடுகிற ஒருவர் ஜூலை மாதத்தில் உட்கார்ந்து எந்தத் தெருவில் எத்தனை படுத்த படுக்கை நோயாளிகள் என்று பட்டியல் போட முடியாது. அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் அவருக்குக் கீழே இருப்பவர். அங்கேதான் பிரச்சினை. கீழே இருப்பவரும் பல இடங்களில் வேறு ஏதோ ஒரு வேலையில் இருந்துகொண்டு இதைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறவர்.

நான் பணியில் இருந்தபோது ஒரு கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த போன் நம்பர் பட்டியல் இன்னும் நினைவில் இருக்கிறது. லேமினேட் செய்து, தலைப்பை எல்லாம் கலரில் அடித்து, பார்க்க அழகாக இருந்தது. அதில் பாதிப் பேர் மாற்றலாகியிருந்தார்கள், ஒருவர் ஓய்வே பெற்றுவிட்டார். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு நீங்கள் போன் செய்தால் எடுப்பவர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தானே அடுத்த போன் போடுவார்? கலெக்டர் தலைவராக இருக்கட்டும், ஆபத்து நேரத்தில் உத்தரவு ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவருக்குக் கீழே வருஷம் முழுக்க இதே வேலையாக ஒருவர் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கேள்வி: ராணுவத்திலோ தீயணைப்புத் துறையிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களைப் போட்டால் என்ன? ஃபைல் பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?
– வாசகர், வேலூர்

பதில்: போடலாம், நன்றாகவே செய்வார்கள், ஆனால் எதற்கு எடுக்கிறோம் என்று முதலில் தெளிவாக வேண்டும். ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்குவது மீட்புப் படையின் வேலை. இந்த நாற்காலிக்காரர் தூக்கப் போவதில்லை. தூக்குகிறவருக்குப் படகு, படகுக்கு டீசல், தூக்கி வந்தவருக்குப் பாய், பால் பவுடர், மாத்திரை, அப்புறம் செத்த மாட்டுக்கும் இடிந்த சுவருக்கும் கணக்கெடுப்பு என்று எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டாமல் நடக்க வைப்பவர் இவர். முதல் சில மணி நேரம் மீட்பு, அதற்குப் பிறகு பல மாதம் இதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தைப் பாருங்கள். தஞ்சாவூர் கலெக்டராக இருந்து, அதே வருஷம் ஜூலையில் 94 குழந்தைகளைப் பறித்த கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைச் சந்தித்த ஜெ. ராதாகிருஷ்ணனை அங்கே அனுப்பினார்கள். அவர் போனபோது மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எல்லாரும் ஒரே குப்பத்தில் போய் அரிசி கொடுத்தால் பக்கத்துக் குப்பம் பட்டினி கிடக்கும். தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு ஒருங்கிணைப்பு மையம் உண்டானது, ஊர் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்த மாதிரிப் பிரித்துக் கொடுக்கும் திறமை சீருடையோடு வருவதில்லை, ஃபைல் பார்த்தவர் எல்லாருக்கும் வருவதும் இல்லை. அதனால் எந்தத் துறை என்று பார்க்காதீர்கள், தன் அதிகாரத்துக்குள் வராத ஆட்களை வேலை செய்ய வைத்த அனுபவம் உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) இதற்கென்றே ஒரு தலைவர் இருப்பதாகச் சொல்கிறாள். அந்த மாதிரி இங்கேயும் வைத்துவிட்டால் தீர்ந்தது இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, தீராது. பதவியை உருவாக்கினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். அங்கேயும் சின்னக் கவுண்டிகளில் இது ஷெரீஃப் எனும் கவுண்டி போலீஸ் தலைவருக்கோ தீயணைப்புத் தலைவருக்கோ கூடுதல் வேலையாக இருப்பது உண்டு. முழுநேரத் தலைவர் இருந்த இடத்தில் என்ன ஆனது என்று பார்க்க ஹவாயில் உள்ள மாவி தீவு போதும்.

2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரம் எரிந்தது, 102 பேர் இறந்தார்கள். தீவில் 80 சைரன்கள் இருந்தன. எதுவும் ஒலிக்கவில்லை. கவுண்டியின் அவசரகால மேலாண்மைத் தலைவர் ஹெர்மன் அண்டாயா அன்று பக்கத்து ஓவாஹு தீவில் பேரிடர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் இருந்தார். சைரன் கேட்டால் சுனாமி என்று நினைத்து மக்கள் மலைப்பக்கம் ஓடுவார்கள், தீ இருப்பதே அந்தப் பக்கம்தான் என்று பின்னால் விளக்கம் சொன்னார். சைரனை ஒலிக்காததற்கு வருந்தவில்லை என்று சொன்ன மறுநாளே, ஆகஸ்ட் 17 அன்று, உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். 2017இல் இந்தப் பதவிக்கு வருவதற்கு முன் அவர் மேயரின் அலுவலகத்தில் தலைமை உதவியாளராக இருந்தவர்.

சைரன் விஷயத்தில் அவர் சொன்னது சரியா தவறா என்று வாதாடலாம். என் கவலை வேறு. தலைவர் பயிற்சிக்குப் போவதில் தப்பே இல்லை, போகத்தான் வேண்டும். ஆனால் அவர் வெளியூரில் இருக்கும் நாளில் நாற்காலியில் முழு அதிகாரத்தோடு, உடனே முடிவெடுக்கும் அனுபவத்தோடு இன்னொருவர் இருந்தாக வேண்டும். ஒருவரை எடுக்கும்போதே இரண்டாமவரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு லஹைனாதான் காரணம். மாவியில் அடுத்துத் தற்காலிகமாக வந்தவர் ஹவாய் தீவின் முன்னாள் தீயணைப்புத் தலைவர். அவருக்குப் பின் நிரந்தரமாக வந்தவர் ஹொனலுலு தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிக் கள அனுபவம் பார்த்து ஆள் எடுப்பதற்கு 102 உயிர் போக வேண்டியிருந்தது.

கேள்வி: எங்கள் மாநகராட்சியில் பேரிடர் பிரிவுக்கு ஒரு தலைமை அலுவலரை ஒப்பந்தத்தில் எடுக்கலாம் என்று பேச்சு. கவுன்சிலர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்கிறார்கள். நேர்காணலில் என்ன கேட்கச் சொல்லலாம்?
– மாமன்ற உறுப்பினர், மேற்கு மாவட்டம்

பதில்: பேரிடர் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை என்று கேட்கவே வேண்டாம், அதை யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். எதிரே உட்கார வைத்து இப்படி ஒரு இரவைக் கொடுங்கள்:

மணி ஒன்றே முக்கால். ஏரி மதகைத் திறக்கப் போவதாக நீர்வளத் துறைப் பொறியாளர் போன் செய்கிறார். கீழே தாழ்வான பகுதியில் நானூறு வீடு. முகாமாக வைத்திருக்கும் பள்ளிக்கூடத்தின் சாவி ஹெச்.எம். வீட்டில், ஹெச்.எம். ஊரில் இல்லை. கரண்டை நிறுத்தட்டுமா என்று மின்வாரியம் கேட்கிறது, அதே தெருவில் ஆக்சிஜன் மெஷினில் ஒரு பெரியவர் இருக்கிறார். உங்கள் டிரைவர் போனை எடுக்கவில்லை. முதல் பத்து நிமிடத்தில் யார் யாரைக் கூப்பிடுவீர்கள்?

சொல்லிவிட்டு சும்மா கவனியுங்கள். உடனே மீட்புப் படைக்குச் சொல்வேன், மேலிடத்துக்குத் தகவல் கொடுப்பேன் என்று ஆரம்பிப்பவரை விட்டுவிடுங்கள். எத்தனை கன அடி, அது நம்ம தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று பொறியாளரிடம் முதலில் கேட்பவர் யாரோ அவரைக் குறித்து வையுங்கள். 2015 டிசம்பர் முதல் தேதி சென்னைக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவில் அடையாற்றங்கரையில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் எச்சரிக்கையே வாசலைத் தாண்டி வந்த தண்ணீர்தான். அந்த எண்ணை மக்களின் மொழியில் மாற்றி, இடுப்பளவு வரும், மூணு மணிக்குள் கிளம்புங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது.

அடுத்து, ஊரைத் தெரியுமா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 17 இரவு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. சுற்றிலும் தண்ணீர், ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அவர்களுக்கு முதலில் சோறு ஆக்கிப் போட்டது பக்கத்து ஊர் ஜனங்கள்தான். உங்கள் வார்டுகளில் இருநூறு பேருக்கு அரிசியும் பாத்திரமும் கையில் வைத்திருப்பது யார், கல்யாண மண்டபமா, பள்ளிவாசலா, அன்னதானக் கோவிலா, மாதா கோவிலா? உள்ளூர்க்காரர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். வெளியூர்க்காரராக இருந்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேளுங்கள், அந்தப் பதிலே போதும்.

சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். 50வது பிரிவு என்ன சொல்கிறது? அவசரத்துக்குப் பொருள் வாங்க டெண்டர் நடைமுறையை விலக்கி வைக்கலாம் என்று அதில் இருக்கிறது. இது தெரியாத அதிகாரி தார்பாய் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டுக்கொண்டிருப்பார், பின்னால் ஆடிட்டில் மாட்டிவிடுவோமோ என்ற பயத்தில். தெரிந்தவர் தார்பாயையும் வாங்குவார், ரசீதையும் பத்திரமாக வைப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைப் பிச்சைக் காசாக வைத்து, பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, உத்தரவு போடும் அதிகாரமும் கொடுக்காமல் எடுத்தால், எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் உதவிப் பொறியாளர்கூட அவர் போனை எடுக்க மாட்டார். பதவி ஆணையிலேயே எந்தெந்தப் பிரிவு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரிடர் மேலாண்மையில் முதுகலை முடித்திருக்கிறேன். இந்தப் படிப்புக்கு அரசில் இடம் இருக்கிறதா, சார்?
– வாசகி, கன்னியாகுமரி

பதில்: இருக்க வேண்டிய அளவு இல்லை, அம்மா. பக்கத்துக் கேரளத்தில் மாவட்டங்களில் அபாய ஆய்வாளர் என்று இந்தப் படிப்புக்காரர்களை வைத்திருக்கிறார்கள். அங்கே மாநில ஆணையத்தின் உறுப்பினர் செயலராக நீண்ட காலம் இருந்துவரும் சேகர் குரியாகோஸ் நிலச்சரிவு ஆய்வில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்படியிருந்தும் 2024 ஜூலை 30 வயநாட்டில் மலை சரிந்ததைத் தடுக்க முடியவில்லை என்பீர்கள். உண்மைதான், படித்தவர் இருந்தால் மலை சரியாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் எச்சரிக்கைத் தாளில் உள்ள மழை அளவைப் பார்த்து இது எந்தச் சரிவுக்கு ஆபத்து என்று கலெக்டரிடம் சொல்ல அறைக்குள் ஒருவராவது வேண்டும். இங்கேயும் மாவட்டத்துக்கு ஒருவர் என்று கொண்டுவர வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். நீங்கள் இப்போதைக்கு ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சிக்குப் போங்கள், அப்படியே ஒரு மழைக்காலமாவது உங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் உதவிக்கு உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். அந்த அனுபவம் சான்றிதழை விடப் பேசும்.

கேள்வி: பெண் அதிகாரி சமாளிப்பாரா என்று எங்கள் ஊரில் பேசுகிறார்கள்.
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: 2015 சென்னை வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் சிறப்பு அதிகாரியாகத் தண்ணீரில் இறங்கி நின்ற பி. அமுதா ஐ.ஏ.எஸ். பற்றி அந்த மக்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல அதிகாரி வந்து ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் மாற்றிவிடுகிறார்களே, இதற்கு என்ன வழி?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கடலூர்

பதில்: மாற்றலை நிறுத்த முடியாது ஐயா, தேர்தல் வந்தால் தாசில்தார் வரைக்கும் இடம் மாற்றுவார்கள். ஆனால் இரண்டு விஷயம் நம் கையில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பேரிடர் பிரிவில் கை வைக்காதீர்கள் என்று கேட்கலாம், இது பெரிய கோரிக்கையே இல்லை. அப்புறம், போகிறவர் வருகிறவரிடம் வெறும் சாவியையும் முத்திரையையும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் ஜீப்பில் சேர்ந்து சுற்ற வேண்டும்: இந்த வாய்க்கால் இங்கே உடையும், இந்த மண்டபத்துக்காரர் சாவி தருவார், இவர் தர மாட்டார், இந்த மீனவர் பஞ்சாயத்துத் தலைவரிடம் முதலில் சொன்னால் குப்பமே கிளம்பும். இதில் எதுவும் மாவட்டப் பேரிடர் திட்டப் புத்தகத்தில் இருக்காது. அதை எழுதியும் வைக்க வேண்டும், பென்சிலால் எழுதினாலும் பரவாயில்லை.

உங்கள் ஊர்க் கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாகப் போட்டு கலெக்டருக்கு அனுப்புங்கள் ஐயா, நகல் ஒன்று எனக்கும் அனுப்பினால் இதே பகுதியில் வெளியிடுகிறேன்.